ஆய்வுகூடத்தின் பூட்டைத் திறவுங்கள்!

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று கொணர்ந்து கொட்டுகின்ற மாரி மழையைச் சுண்ணாம்புக்கல் உள்வாங்கி வைத்திருக்கின்றது. அதனையே நாம் கிணறு வெட்டி அள்ளுகின்றோம். குடிப்பதும் அந்த நீர். குளிப்பதும் அந்த நீர். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைப்பதும் அந்த நீரே. இதனாலன்றோ நம் முன்னோர் காணி உறுதி முடிக்கும்போது, நிலத்தின் பரப்பையும் எல்லையையும் எழுதியதோடு அமையாது, கிணற்றிலே பங்கு இவ்வளவு, வாய்க்காலிலே உரிமை இவ்வளவு, வழி இவ்வளவு என்று தனித்தனியே எழுதுவித்தனர்!

கிணற்றின் பங்கை எழுதி வைத்த நாம், அக்கிணற்று நீரிலே கலந்திருப்பது யாது என்பதை எங்கே எழுதி வைத்திருக்கின்றோம்? அதனை அளந்தறியும் கருவிகள் உலகில் உண்டு. அவற்றை வாங்கி வைத்திருக்கும் விஞ்ஞான பீடங்களும் நம்மிடையே உண்டு. அப்பீடங்களிலே சுற்றாடல் இரசாயனம் பயிலும் மாணவரும் உண்டு. ஆயினும், கருவிக்கும் மாணவனுக்கும் இடையே ஒரு பூட்டுத் தொங்குகின்றது. அந்தப் பூட்டைப் பற்றியே இன்று எழுதத் துணிந்தோம்.

"அரசியற் பத்திரிகைக்கு ஆய்வுகூடத்திலே என்ன வேலை?" என்று கேட்பாருளர். அவர்களுக்கு ஒன்று கூறுவோம். 1970-களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்னும் பெயரால் மொழிவாரியாகவும் பின்னர் மாவட்டவாரியாகவும் புள்ளிகள் கூட்டியும் குறைத்தும் கணிக்கப்பட்டபோது, விஞ்ஞானக் கல்வியின் கதவு நம் பிள்ளைகளுக்கு அடைக்கப்படுகின்றதென்று இந்த இனம் கொதித்தெழுந்தது. யாழ்ப்பாணத்திலே 1974 ஆம் ஆண்டில் பல்கலைக்கழக வளாகம் அமைந்தது. மட்டக்களப்பிலே 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்தது. 2021 இல் வவுனியா வளாகமும் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வாயிற்கதவுக்காக வாதாடிய நாம், உள்ளே சென்ற பிள்ளையின் கைக்கு என்ன கொடுக்கப்படுகின்றது என்று கேளாதிருத்தல் முறையாகுமா?

கண்ணுக்குத் தெரியாத பகை

வலிகாமத்துச் செம்மண்ணிலே தோட்டம் செய்வோர் இடும் நைதரசன் பசளையிற் பயிர் உண்டது போக மிஞ்சியது மழையோடு கீழிறங்குகின்றது. மலசலகூடக் குழிகளின் கழிவும் அவ்வாறே இறங்குகின்றது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளும் துவாரங்களும் அதனைத் தடுத்து வடிகட்டுவதில்லை. முடிவிலே கிணற்றைச் சேர்வது நைத்திரேற்று. குடாநாட்டுக் கிணறுகளிலே நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980-களிலேயே ஆய்வாளர் எடுத்துக் காட்டினர். இது புதுச் செய்தியன்று.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, நாம் குடிக்கும் நீரிலுள்ள அளவிலே சுவையும் தெரியாது. பளிங்குபோல் தெளிந்த நீரிலும் அது இருக்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றையே எல்லையாக வகுத்துள்ளது. அதற்கு மிஞ்சிய நீரிலே மாவைக் கரைத்துப் புட்டியிற் பாலூட்டப்படும் பச்சிளங் குழந்தையின் குருதி, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் அபாயம் உண்டு. தாயானவள் "கொதிக்க வைத்தே கொடுக்கின்றேன்" என்று ஆறுதல் கொள்வாள். கொதித்தல் கிருமியைக் கொல்லும், நைத்திரேற்றை நீக்காது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, மிஞ்சிய நீரிலே நைத்திரேற்றின் செறிவு ஏறவே செய்யும். கண்ணாலும் மூக்காலும் நாவாலும் காணமுடியாத இந்தப் பகையைக் காண்பதற்குக் கருவியன்றி வேறு வழி யாது?

எண் என்பது சாட்சி

சட்டத்தரணிகளாகிய நாம் சாட்சியத்தை நம்பித் தொழில் செய்பவர்கள். 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு, விஞ்ஞானம் சார்ந்த விடயங்களிலே நிபுணரின் அபிப்பிராயத்தைச் சான்றாக ஏற்கின்றது. ஆனால், நிபுணர் கூறும் எண்ணின் பின்னே எத்தனை கேள்விகள் மறைந்து கிடக்கின்றன என்பதை நம் மக்கள் அறிதல் வேண்டும்.

ஓர் உதாரணம் தருவோம். ஆய்வறிக்கை ஒன்று "நைத்திரேற்று 12" என்று கூறுவதாகக் கொள்வோம். அது நைத்திரேற்றாகக் கணித்த 12 மில்லிகிராமாயின், கிணறு எல்லைக்குள் அடங்கும், அச்சமில்லை. நைத்திரேற்றிலுள்ள நைதரசனாக மட்டும் கணித்த 12 ஆயின், அதனை 4.43 ஆற் பெருக்குதல் வேண்டும். அப்போது அது 53 ஆகி எல்லையைக் கடந்துவிடும். ஒரே கிணறு, ஒரே எண்; ஒரு வாசிப்பிலே நல்ல நீர், மற்றொரு வாசிப்பிலே தீய நீர்! இந்த வேறுபாட்டைத் தன் கையால் நியமக் கரைசல் தயாரித்து அளந்து பார்த்தவன் இலகுவில் மறவான். பரீட்சைக்காக மனனம் செய்தவனோ பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுவான்.

மற்றோர் உதாரணம் ஈயம். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். அணு உறிஞ்சல் நிறமாலைமானியிலே சுவாலையைக் கொண்டு அளக்கும் வகை அவ்வளவு நுண்ணிய அளவை நம்பத்தக்கவாறு காணமாட்டாது. காரீய உலை பொருத்திய வகை காணும். சுவாலைக் கருவியால் அளந்துவிட்டு, "ஈயம் கண்டறியப்படவில்லை" என்று எழுதித் தருவார்களாயின், அது பொய்யன்று, ஆனால் மெய்யுமன்று. "கண்டறியப்படவில்லை" என்பதும் "இல்லை" என்பதும் ஒன்றாகுமா? இருட்டறைக்குள் விளக்கின்றிச் சென்றவன் "பாம்பைக் காணேன்" என்று சொன்னால், பாம்பு இல்லையென்று பாய் விரிப்போமா?

சுன்னாகம் தந்த பாடம்

இவை வெறும் கற்பனை வாதங்களல்ல. சுன்னாகத்து அனல் மின்நிலையத்தை அடுத்த கிணறுகளிலே எண்ணெய் மிதந்ததை அவ்வூர் மக்கள் தம் கண்ணாலேயே கண்டனர், மூக்காலேயே முகர்ந்தனர். அப்படியிருந்தும் என்ன நடந்தது? எண்ணெய் உண்டு என்றது ஒரு தரப்பு. ஆபத்தானது எதுவும் இல்லை என்றது மற்றொரு தரப்பு. மாதிரி எந்தக் கிணற்றில் எடுக்கப்பட்டது, எந்த முறையால் அளக்கப்பட்டது என்பனவெல்லாம் சர்ச்சைக்குள்ளாயின. பொதுமக்களோ நிபுணரின் வாயையே பார்த்து நின்றனர். 2015 இல் உயர் நீதிமன்றத்திலே அடிப்படை உரிமை மனுத் தாக்கலாயிற்று. 2019 ஏப்பிரலில் வெளியான தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்னும் தத்துவத்தை நிலைநாட்டி, மின்நிலையத்தை நடத்திய கம்பனி இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனப் பணித்தது.

அத்தீர்ப்பை வரவேற்கின்றோம். ஆயினும் நம் நெஞ்சைக் குடையும் கேள்வி ஒன்றுண்டு. அந்த எண்ணெய் வருவதற்கு முன் சுன்னாகத்து நிலத்தடி நீர் எவ்வாறிருந்தது என்பதற்கு ஊருக்கு ஊர், கிணற்றுக்குக் கிணறு, ஆண்டுக்கு ஆண்டு எழுதி வைத்த ஏடு நம் கையில் இருந்திருக்குமாயின், இத்தனை சர்ச்சைக்கு இடமிருந்திருக்குமா? மாதிரி எடுப்பதிலேயே வழக்கின் பாதி அடங்கியுள்ளது. எண்ணெய்க்கு மாதிரி எடுப்பவன் பிளாஸ்ரிக் போத்தலில் எடுத்தால், எண்ணெய் போத்தலின் சுவரிலே ஒட்டிக் கொள்ளும். கண்ணாடிப் போத்தலே வேண்டும். உலோகத்துக்கு எடுப்பவன் உடனே நைத்திரிக் அமிலம் சேர்த்தல் வேண்டும். நைத்திரேற்றுக்கு எடுப்பவன் குளிரிலே வைத்து விரைந்து சேர்ப்பித்தல் வேண்டும். இவற்றை அறியாமல் எடுத்த மாதிரியைக் கோடி ரூபாக் கருவியிலே இட்டாலும் கிடைப்பது குப்பையே.

பூட்டுக்குக் கூறும் நியாயங்கள்

விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்று வெளிவந்த இளைஞர் பலரோடு நாம் பேசியிருக்கின்றோம். "வாயு நிறப்பகுப்புக் கருவியை இயக்கியிருக்கின்றீரா?" என்று கேட்டால், "காட்டினார்கள், ஐயா" என்கின்றனர். காட்டினார்களாம்! இருபது பேர் ஓர் அறைக்குள் நெருங்கி நிற்க, உத்தியோகத்தர் ஒருவர் பொத்தானை அழுத்த, முன் ஆண்டு மாணவருக்குக் கொடுத்த அதே தாளை இவ்வாண்டு மாணவருக்கும் பிரதி செய்து கொடுத்து, "இதனைக் கணித்து வாருங்கள்" என்று அனுப்புவதற்குச் செய்முறைப் பயிற்சி என்று பெயர் சூட்டியிருக்கின்றார்கள். கோயிலிலே தூரத்தில் நின்று தீபாராதனையைக் கண்டு கன்னத்திலே போட்டுக்கொண்டு திரும்புவதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

இதற்கு நியாயம் கூறுவோர் மூவகையினர். முதலாமவர், "மாணவர் தொட்டால் உடைப்பார்கள்" என்பர். மருத்துவ மாணவனின் கையிலே கத்தியைக் கொடாமல் சத்திர வைத்தியனை ஆக்கினோர் எவருமிலர். உடைந்துவிடும் என்றஞ்சிப் பூட்டிய கருவியும் உடைந்ததே. அது தூசியாலும் ஈரத்தாலும் ஓட்டமின்மையாலும் பூட்டுக்குள்ளேயே மெல்ல உடைகின்றது என்பதொன்றே வேற்றுமை.

இரண்டாமவர், "செலவு தாங்காது" என்பர். இதனைத் தள்ளிவிட மாட்டோம். வெற்றுக் கதோட்டு விளக்கு, அசற்றலீன், ஆகன், ஈலியம், நிறப்பகுப்பு நிரல் யாவும் அந்நியச் செலாவணி கொடுத்து வாங்குபவை. 2022 இல் நாடு வங்குரோத்தானபோது பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. ஆனால், எல்லாவற்றுக்கும் விலையுயர்ந்த கருவி வேண்டுமென்று யார் சொன்னார்? நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவி உள்ளங்கையில் அடங்கும். மட்டுமிஞ்சி இறைத்த கிணற்றிலே கடல்நீர் ஏறுகின்றதா என்பதைத் தோட்டத்து வரம்பிலே நின்றவாறே அது சொல்லிவிடும். நைத்திரேற்றின் முதற் சோதனைக்கு ஊதாக்கடந்த ஒளியை அளக்கும் நிறமாலை ஒளிமானி போதும். 220 நானோமீற்றரிலே ஒரு வாசிப்பு, நீரிலுள்ள சேதனப் பொருளைக் கழிப்பதற்கு 275 நானோமீற்றரிலே மற்றொரு வாசிப்பு. இரண்டாவது வாசிப்பை எடுக்காதவன், சருகு விழுந்து ஊறிய கிணற்றை நைத்திரேற்றுக் கிணறு என்று சொல்லி ஊரைக் கலக்குவான். இதற்கெல்லாம் கோடி வேண்டுவதில்லை; நேரமும் மனமுமே வேண்டும்.

மூன்றாமவர் புதுமைவாதிகள். "கணினித் திரையிலேயே கருவியை இயக்கிக் காட்டலாம்" என்பர். முன்னறிமுகத்துக்கு அது நன்று; மறுக்கவில்லை. ஆனால் அழுக்கான கலத்தை ஒழுங்காகக் கழுவாமல் வைத்ததனால் வந்த பொய் வாசிப்பைப் பிடிக்கும் விழிப்பை, அழுக்கே படியாத திரை எவ்வாறு ஊட்டும்? நீர் மட்டும் இட்ட வெற்று மாதிரியிலும் எண் வந்து நிற்கும்போது மாணவன் திடுக்கிடுகின்றான் அல்லவா, அந்தத் திடுக்கீட்டிலேதான் இரசாயனன் பிறக்கின்றான்.

கருவி வந்ததும் சட்டம் வந்தது

உலக வரலாற்றைப் பாருங்கள். 1955 இல் அவுஸ்திரேலியாவிலே அலன் வோல்ஷ் என்பார் அணு உறிஞ்சலைப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்தும் வழியை வெளியிட்டார். மண்ணிலும் நீரிலும் உணவிலும் உலோகத்தை அளப்பது எளிதாயிற்று. 1957 இல் ஆங்கிலேயரான ஜேம்ஸ் லவ்லொக் இலத்திரனைக் கவரும் உணரி ஒன்றை அமைத்தார். வாயு நிறப்பகுப்புக் கருவியோடு அது இணைந்தபோது, மிக நுண்ணிய அளவிலே பரந்து கிடந்த பூச்சிகொல்லி எச்சங்கள் வெளிப்படலாயின. 1962 இல் றேச்சல் காசன் என்னும் அமெரிக்கப் பெண்மணி பூச்சிகொல்லிகளின் தீங்கை எடுத்துரைத்து நூல் எழுதினார்; கம்பனிகள் அவரை ஏசின. எனினும் 1972 இல் டீ.டீ.ரி. யின் பயிர்ச்செய்கைப் பாவனையை அமெரிக்கா தடை செய்தது. எழுத்தின் வன்மைக்கு அளவீட்டின் வன்மை துணை நின்றதனாலேயே கம்பனிகளின் ஏச்சு எடுபடாது போயிற்று. அளக்க வல்ல மக்கள் சட்டத்தை ஆக்குவித்தனர். அளக்க மாட்டாத மக்கள் பிறர் ஆக்கும் சட்டத்துக்குத் தலைகுனிகின்றனர்.

தலைகுனிவின் கதையை நம் கமக்காரர் நன்கறிவர். 2021 ஆம் ஆண்டு மே மாதத்திலே ஒரே வர்த்தமானியால் இரசாயனப் பசளையின் இறக்குமதி நாடெங்கும் நிறுத்தப்பட்டது. எந்த மண்ணில் எவ்வளவு மிகுந்திருக்கின்றது, எந்தக் கிணறு கெட்டிருக்கின்றது, எந்தப் பயிருக்கு எவ்வளவு குறைக்கலாம் என்று ஊர்தோறும் அளந்து பார்த்தா அத்தீர்மானம் பிறந்தது? பயிர் வாடியது, விளைச்சல் வீழ்ந்தது, அவ்வாண்டு நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டது. நேற்று "அள்ளிப் போடு" என்றவர்கள் மறுநாள் "ஒரு பிடியும் போடாதே" என்றார்கள். இரண்டுக்கும் இடையிலே கமக்காரன் அல்லற்பட்டான். "இந்தத் தோட்டத்து மண்ணிலே இவ்வளவு நைதரசன் இருக்கின்றது, இவ்வளவு போட்டாற் போதும்" என்று எண்ணோடு சொல்லும் ஊர்ப் பிள்ளை ஒருவன் பக்கத்திலிருந்தால், அவனுக்குப் பசளைக் காசும் மிஞ்சும், கிணறும் பிழைக்கும்.

ஆகவே, கருவிகளைக் கொண்டு கமக்காரனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு நாம் வழக்காடவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லி வைக்கின்றோம். அளவீடு அவனுக்குக் கேடயமாதல் வேண்டும்.

நாம் கேட்பவை

பல்கலைக்கழக அதிகாரிகளையும், மானியங்கள் ஆணைக்குழுவையும், நமது பாராளுமன்றப் பிரதிநிதிகளையும் நோக்கி ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது, சுற்றாடல் இரசாயனம் பயிலும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் முதலிரு ஆண்டுகளுக்குள் அமிலத்தன்மைமானி, மின்கடத்துதிறன்மானி, நிறமாலை ஒளிமானி ஆகியவற்றைத் தனியே இயக்கி, நியமக் கரைசல் தயாரித்து, கோடு வரைந்து, பெற்ற எண்ணுக்குத் தாமே பொறுப்பேற்றுக் கையொப்பமிடுதல் வேண்டும். வேடிக்கை பார்த்தமைக்குப் புள்ளி வழங்கலாகாது.

இரண்டாவது, மூன்றாம் ஆண்டிலே நால்வர் ஐவர் கொண்ட சிறு குழுக்கள் அணு உறிஞ்சற் கருவியையும் வாயு நிறப்பகுப்புக் கருவியையும் முறைவைத்து இயக்குதல் வேண்டும். மாதிரி எடுப்பது முதல் அறிக்கை எழுதுவது வரை ஒரு கிணற்றின் கதை முழுவதும் அக்குழுவின் பொறுப்பிலிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, பராமரிப்பு ஒப்பந்தமும், பயிற்றப்பட்ட தொழினுட்ப உத்தியோகத்தரும், ஐந்தாண்டுக்கான உதிரிப்பாகச் செலவும் உறுதியாகாமல் பெருங்கருவி எதனையும் கேள்விப்பத்திரம் கோரி வாங்கலாகாது. புலம்பெயர்ந்த நம் உறவுகளுக்கும் இதனைச் சொல்கின்றோம்: பெயர்ப்பலகை மாட்டிப் புகைப்படம் எடுத்துக் கொடுக்கும் புதுக் கருவியிலும், இருக்கும் கருவிக்கு நீங்கள் வாங்கிக் கொடுக்கும் ஒரு விளக்கே மேலான தருமம்.

நான்காவது, மாரிக்கு முன் ஒருமுறையும் மாரிக்குப் பின் ஒருமுறையும் மாணவர் தத்தம் ஊர்க் கிணறுகளின் நீரை அளந்து, பிரதேசம் பிரதேசமாகக் கிணற்றேடு ஒன்று தொடங்குதல் வேண்டும். மாணவரின் அளவீடு நீதிமன்றத்துக்கு இறுதிச் சான்றாகாது என்பதை அறிவோம். எல்லை மீறிய கிணறு தென்பட்டால், தரச்சான்று பெற்ற ஆய்வுகூடத்திலே மீண்டும் அளந்து உறுதி செய்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தல் வேண்டும். வீட்டு மணியை அடிப்பவன் நீதிபதியல்லன். ஆயினும் தீப்பற்றியதை அவன் அறிவியாவிடின் எவர் அறிவர்?

ஐந்தாவது, அளந்த எண் கிணற்றுக்குரியவருக்குத் தமிழிலே, அலகோடு, எல்லை அளவோடு, "குழந்தைக்குக் கொடுக்கலாம்" அல்லது "கொடுக்கலாகாது" என்ற தெளிவான வாசகத்தோடு எழுதிக் கொடுக்கப்படுதல் வேண்டும். பிறருக்கு அதனை வெளியிடுவது அவருடைய சம்மதத்தோடேயே ஆகும்.

இவற்றுள் எதற்குப் புதுச் சட்டம் வேண்டும்? எதற்குக் கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருத்தல் வேண்டும்? பாடவிதானத்தைத் திருத்தும் அதிகாரம் பீடங்களிடமும் மூதவையிடமும் உண்டு. நேர அட்டவணையை மாற்றும் அதிகாரம் துறைத்தலைவரிடம் உண்டு. சாவியோ கருவியறையின் ஆணியிலே தொங்குகின்றது. உரிமையைப் பிறர் மறுக்கும்போது போராடுவது வீரம். நம் கையிலுள்ள உரிமையை நாமே பூட்டி வைத்துவிட்டு வீர வசனம் பேசுவது வெட்கக்கேடு.

பெற்றோரே! பிள்ளை பல்கலைக்கழகத்திலிருந்து வீடு வரும்போது, "என்ன புள்ளி?" என்று கேட்பதோடு நில்லாதீர்கள். "என்ன கருவியைத் தொட்டாய்? நம் கிணற்று நீரை அளந்தாயா?" என்று கேளுங்கள். கமக்காரப் பெருமக்களே! அடுத்த முறை வாக்குக் கேட்டு வருவோரிடம் வீதியும் மதகும் கேட்கும்போது, உங்கள் கிணற்றேட்டையும் கேளுங்கள். விரிவுரையாளர் பெருமக்களே! உங்களுள் பலர் இந்தப் பூட்டை உடைக்கக் காத்திருக்கின்றீர்கள் என்பதை நாமறிவோம். ஊர் உங்கள் பின்னே நிற்கும்.

காணிக்கு உறுதி எழுதிய இனம் தண்ணீருக்கும் உறுதி எழுதட்டும். அதனை எழுதவேண்டிய கை நம் பிள்ளைகளின் கை. அக்கைக்குக் கருவியைக் கொடுங்கள்!